எடையும் இளைப்பும்

"உடம்பைக் குறைங்க, வீசிங் தானாப் போயிடும்" என்று டாக்டர் சொன்னால் பலருக்கு உள்ளுக்குள் கோபம்தான் வரும். இளைப்புக்கு மருந்து கேட்டுப் போனவரை எடை மெஷினில் ஏற்றினால் வராதா என்ன? அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. எடைக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டு. தானாகப் போய்விடும் என்பதுதான் சரியில்லை.

2007-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 7 ஆய்வுகளில் இருந்த 3,33,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பி.எம்.ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் அளவு) 25-ஐத் தாண்டியவர்களுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 30-ஐத் தாண்டியவர்களுக்கு இரண்டு மடங்கை நெருங்கியது. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 64 கிலோ என்றால் பி.எம்.ஐ 25, 77 கிலோ என்றால் 30. இளைப்பு இருப்பதால் நடக்க முடியாமல் எடை போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் இந்த ஆய்வுகள் ஆஸ்துமா இல்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்து, பிறகு யாருக்கு வந்தது என்று பார்த்தவை. ஆக, எடை முந்திக்கொண்டது.

எப்படி? வயிற்றிலும் நெஞ்சைச் சுற்றியும் சேரும் கொழுப்பு, நுரையீரல் முழுதாக விரியவிடாமல் அமுக்குகிறது. மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள நுரையீரல் திசு, பந்தலை நாலாபுறமும் இழுத்துக் கட்டிய கயிறுபோல, அவற்றைத் திறந்து வைத்திருக்கும். நுரையீரல் சுருங்கினால் அந்த இழுப்பு தளர்ந்துபோகும். சிறிய குழல்கள் எளிதில் மூடிக்கொள்ளும். மல்லாந்து படுத்தால் இது இன்னும் மோசம்.

இன்னொரு வழியும் உண்டு. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சதை இல்லை. லெப்டின் முதலான பல பொருள்களைச் சுரந்து, உடம்பெங்கும் மெல்லிய அழற்சியை மூட்டிவிடுகிறது. இது தூசி, மகரந்தம் கிளப்பும் ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது. சிறுவயதில் தும்மல், அரிப்பு எதுவும் இல்லாமல், நடுவயதில், அதிலும் பெண்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமா பலநேரம் இந்த வகை. ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு நன்றாகக் கேட்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர், இவர்களில் பலருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்தும் இரவில் விழிப்பவர்களைப் பார்த்து 'சரியா எடுக்கலை' என்று குறை சொல்வது அநியாயம். பருமனோடு சேர்ந்து வரும் நெஞ்செரிச்சலும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் நிலைமையைக் கெடுக்கும். அவற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

படி ஏறினால் மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமாவும் அல்ல. கனடாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லியிருந்தவர்களை முறையாகச் சோதித்தபோது சுமார் 30 சதவீதம் பேருக்கு அது இல்லை. சுவாரசியம் என்னவென்றால், பருமனானவர், சரியான எடை உள்ளவர் இரு தரப்பிலும் ஏறத்தாழ அதே அளவுதான். ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்யாமல், உடம்பைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னால் விட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

எடை குறைத்தால் பலன் உண்டா? உண்டு. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் ஆஸ்துமா உள்ள பருமனானவர்கள் 38 பேர். பாதிப் பேருக்கு 8 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு, மருத்துவர் மேற்பார்வையில். சராசரியாக 14.5 சதவீத எடை குறைந்தது. ஊதும் அளவு உயர்ந்தது, இளைப்பும் தணிந்தது. அவ்வளவு குறைத்தால்தான் பலன் என்றில்லை. 5 முதல் 10 சதவீதமே பலருக்கு வித்தியாசத்தைக் காட்டுகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 4 முதல் 8 கிலோ.

எடை குறையக் குறைய இன்ஹேலரை நீங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இன்ஹேலரால்தான் உடம்பு போடுகிறது என்று பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. அதில் ஒருமுறை இழுப்பது பெரும்பாலும் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம், அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. பசியைக் கிளப்பி எடை ஏற்றுவது, இளைப்பு முற்றியபின் மில்லிகிராம் கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை. இன்ஹேலரை நிறுத்தியவர்கள் கடைசியில் வந்து நிற்பதும் அந்த மாத்திரையில்தான்.