பழைய ஓ.பி. சீட்டும் நாம் மறைக்கும் இரண்டு நோய்களும்

அரசு மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று வாங்கிய ஓ.பி. சீட்டு, வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் இருக்கிறது? பெரும்பாலும் மாத்திரை தீரும்வரைதான். நாம் தூக்கிப் போட்டாலும் மருத்துவமனையின் பதிவேட்டில் அந்த வருகை எழுதப்பட்டிருக்கும். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து மருத்துவர்கள் அந்தப் பதிவேடுகளை எடுத்து, இந்த நோயோடு யார் யார் வந்தார்கள், என்ன வயது, எத்தனை நாள் தாமதித்து வந்தார்கள், எந்த மருந்தில் குணமானார்கள் என்று கணக்கெடுப்பதுண்டு. இதை ‘ரெட்ராஸ்பெக்டிவ் ஸ்டடி’ என்பார்கள். தமிழில் பின்னோக்கு ஆய்வு.

இது புதிய வழக்கமல்ல. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனை நடத்திய அபூபக்ர் அர்ராஸி, தம்மிடம் வந்த நோயாளிகளைப் பற்றி விடாமல் குறிப்பெழுதினார். அவருடைய மாணவர்கள் அந்த அனுபவங்களை நூற்றுக்கணக்கில் தொகுத்தார்கள். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு வேறு நோய்களாகப் பிரித்துக் காட்டி அவர் எழுதிய நூல் இன்றும் மருத்துவ வரலாற்றில் பேசப்படுகிறது.

இந்த இதழில் இரண்டு நோய்களை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று சொறி, அதாவது ஸ்கேபிஸ். மற்றொன்று பரம்பரையாக வரும் நுரையீரல் நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நோய்கள்தாம். ஆனால் இரண்டையும் நாம் வெளியே சொல்வதில்லை. ‘வீட்டுல பொண்ணு இருக்கு, நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆவறது’ என்ற பேச்சு இரண்டுக்கும் பொது. நாம் சொல்லாதது பதிவேட்டில் ஏறாது. பதிவேட்டில் இல்லாதது ஆய்விலும் வராது.

முதலில் சொறி. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உண்ணிதான் காரணம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூஸில் வாழ்ந்த மருத்துவர் இப்னு ஸுஹ்ர் தோலுக்குள் இருக்கும் இந்தச் சிற்றுயிரைப் பற்றி எழுதியிருக்கிறார். பெண் உண்ணி மேல்தோலில் சுரங்கம் தோண்டி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முதல்முறை தொற்றினால் அரிப்பு தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதாவது, சொறிந்துகொள்ளாதவருக்கும் தொற்று இருக்கலாம். அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவவும் செய்யும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் இரவில் அரிப்பு கூடினால் சந்தேகப்பட வேண்டும். ஒரே அறையில் நெருக்கமாகப் படுக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் இது வேகமாகப் பரவும். அதற்கும் வீட்டுச் சுத்தத்துக்கும் முடிச்சுப் போடுவது சரியல்ல. தினமும் குளிப்பவருக்கும் வரும்.

மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் சொறி குறைவாகவே தெரியும். ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துப் போகிறோம். பதிவேட்டில் எண் ஒன்றுதான். மெடிக்கலில் கேட்டு வாங்கிய களிம்போடு முடித்துக்கொள்பவர்கள் அந்த ஒன்றிலும் சேரமாட்டார்கள். அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு சற்று அடங்கி, தோலின் தோற்றமே மாறி, பிறகு பார்க்கும் மருத்துவரையும் குழப்பிவிடும். வீடு வீடாகப் போய்ப் பார்த்தால் படம் வேறு. ஃபிஜி தீவுகளில் அப்படிப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியில் மூன்றில் ஒருவருக்குச் சொறி இருந்தது. அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் ஊருக்கே ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள். ஓராண்டில் அது நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தது.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. மருத்துவர் பெர்மெத்ரின் களிம்பு எழுதினால், வீட்டில் உள்ள அனைவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒரே இரவில் எல்லோரும் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகக்கண் உட்பட, தடவிக் காலையில் குளிக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்குத் தலையிலும் தடவச் சொல்வார்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தடவ வேண்டும். அன்று உடுத்திய துணி, விரிப்பு, தலையணை உறை, தொழுகைத் துப்பட்டா எல்லாவற்றையும் சுடுநீரில் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். உடம்பை விட்டு இறங்கிய உண்ணி சில நாளில் செத்துவிடும். சிகிச்சைக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிப்பு இருக்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று மேலும் மேலும் தடவாதீர்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் ஐவர்மெக்டின் சாப்பிடக் கூடாது. சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தால் அலட்சியம் வேண்டாம். அந்தக் கிருமித் தொற்று சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்தையே பாதித்து, முகம் வீங்கி, சிறுநீர் சிவந்து போகச் செய்யும்.

அடுத்தது நுரையீரல். தாம்பரத்தில் இருக்கும் நமக்கு நெஞ்சு நோய் புதிதல்ல. டாக்டர் சௌரி முத்து 1928இல் தொடங்கிய காசநோய் சானடோரியத்தின் பெயர்தான் நம் ரயில் நிலையத்துக்கே நிலைத்துவிட்டது. அதனாலோ என்னவோ, விடாத இருமல் என்றால் டி.பி., இழுப்பு என்றால் வீசிங் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்தே அடிக்கடி நிமோனியா, கெட்டியான சளி, எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாமை, எண்ணெய்ப் பசையோடு நாற்றமெடுக்கும் மலம் என்று ஒரு பிள்ளை தொடர்ந்து அவதிப்பட்டால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உண்டா என்று பார்க்க வேண்டும்.

இந்த நோய் அடையாளம் காணப்பட்டதே பழைய பதிவேடுகளிலிருந்துதான். நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர், வேறு நோய் என்று எழுதப்பட்டு இறந்துபோன குழந்தைகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் தேடித் தொகுத்து, 49 குழந்தைகளின் கதையை 1938இல் வெளியிட்டார். பத்து ஆண்டு கழித்து அதே ஊரில் கடும் வெயில் அடித்தபோது, மயங்கிச் சுருண்டு வந்த குழந்தைகளில் இந்த நோய் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். ஏன் என்று தேடியதில்தான் இவர்களின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்பது 1953இல் தெரிந்தது. இன்றும் முதல் சோதனை வியர்வைச் சோதனைதான். ஊசி குத்த வேண்டியதில்லை. பிள்ளையை முத்தமிடும்போது நெற்றி உப்புக் கரிக்கிறது என்று ஒரு தாய் சொன்னால், அதை மருத்துவரிடமும் சொல்லட்டும். நம் சித்திரை வெயிலில் இப்படிப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் சோர்ந்துவிடுவார்கள்.

இது வெள்ளைக்காரர் நோய், இந்தியாவில் கிடையாது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தங்களிடம் வந்தவர்களின் பத்தாண்டுக்கும் மேலான பதிவுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியாவிலும் இது இருப்பதைக் காட்டுகிறது. ஐரோப்பாவில் மிக அதிகமாகக் காணப்படும் மரபணுப் பிழை இங்கே அந்த அளவுக்கு இல்லை. வேறு பல பிழைகள் கலந்திருக்கின்றன. இது வெறும் கணக்கல்ல. மேல்நாடுகளில் வந்துள்ள புதிய மாத்திரைகள் குறிப்பிட்ட சில பிழைகளுக்கே வேலை செய்யும், விலையும் நம் கைக்கு எட்டாது. நம் பிள்ளைகளிடம் இருப்பது எந்தப் பிழை என்று தெரியாமல் மருந்து கேட்கவே முடியாது.

தாய், தந்தை இருவருமே இந்தப் பிழையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. அப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடக் கூடாது. உம்மாவைக் குறை சொல்வதும் அநியாயம், இது இருவர் வழியாகவும் வருவது.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் எல்லாச் சமுதாயத்திலும் உள்ள வழக்கம் இது. மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை, சித்தப்பா பிள்ளைகள் தங்கள் மரபணுவில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பங்களையும் சேர்த்துப் பிறப்பிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பிறவிக் குறைபாடு நூற்றுக்கு மூன்றாக இருந்தது, முதல்நிலை உறவில் மணந்தவர்களுக்கு ஆறாக இருந்தது. இருமடங்கு என்பது உண்மை. நூற்றில் தொண்ணூற்று நான்கு பிள்ளைகளுக்குக் குறையில்லை என்பதும் அதே ஆய்வின் உண்மைதான். மார்க்கம் அனுமதித்த உறவு அது, கட்டாயமாக்கிய உறவல்ல. எங்கள் கருத்து, குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளை இருந்தாலோ, காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் மவ்த்தாகியிருந்தாலோ, நிக்காஹ் பேசும் முன்பே மரபணு ஆலோசனைக்குப் போய்விடுவது நல்லது.

மருத்துவர் ‘சொந்தத்துல கட்டினீங்களா? இதுக்கு முன்னாடி குழந்தை தவறியிருக்கா?’ என்று கேட்பது நம்மைக் குறை காண அல்ல. கூச்சத்தில் ‘இல்ல டாக்டர்’ என்று சொன்னால், சீட்டில் ‘இல்லை’ என்றே எழுதப்படும். அடுத்த மருத்துவமனையும் அதை நம்பியே தொடங்கும்.

ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை எல்லாம் தேதிவாரியாக அதில் இருக்கட்டும். எடை பார்த்தால் தேதியோடு குறித்து வையுங்கள். தெர்மல் காகிதத்தில் வரும் அறிக்கைகள் சில மாதத்தில் வெளுத்துவிடும், அவற்றை ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் பிள்ளையின் கூடப்பிறந்தவர்கள், அவர்களுக்கு இருந்த நோய், இறந்தவர்கள் இருந்தால் எந்த வயதில் என்பதை எழுதுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கோ வேலூருக்கோ அனுப்பினால், துணிப்பையில் முதலில் வைக்க வேண்டியது அந்த ஃபைல்தான்.