இலை தெரியணும், பூச்சி தெரியணும்: உழவருக்குக் கொஞ்சம் கேமரா பாடம்

நம்ம உழவர் குழுக்களில் தினமும் காலையில் வருகிற படங்களைப் பாருங்கள். "ஐயா, இது என்ன நோய்? என்ன தெளிக்கலாம்?" என்று ஒரு கேள்வி. கூடவே ஒரு போட்டோ. பச்சையாக ஏதோ இருக்கும், நடுவில் மங்கலாக ஒரு புள்ளி இருக்கும். அதைப் பார்த்து ஒருத்தர் பூஞ்சாணம் என்பார், இன்னொருத்தர் சத்துக் குறைபாடு என்பார், மூன்றாமவர் "எதுக்கும் ஒரு தடவை ஐந்திலைக் கரைசல் அடிச்சு விடுங்க" என்பார். கேட்டவரும் அடித்துவிடுவார். அந்தப் புள்ளி மாவுப்பூச்சியாகவும் இருக்கலாம், மாவுப்பூச்சியைத் தின்ன வந்த பொறிவண்டின் புழுவாகவும் இருக்கலாம். கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு பார்ப்பதற்கு மாவுப்பூச்சி மாதிரியேதான் இருக்கும். கொஞ்சம் பெரிசு, இழைகள் நீளம், வேகமாக ஊரும். மங்கலான படத்தில் இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது. மாவுப்பூச்சியை ஒழிக்கிறோம் என்று நினைத்து, அதைத் தின்கிற கூட்டாளியை ஒழித்துவிடுவோம்.

அதனால்தான் கேமரா பற்றி இந்த இதழில் எழுதுகிறேன். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றபின், ஸ்ரீரங்கம் தீவில் திருவளர்சோலைப் பக்கம் வாழையும் கொஞ்சம் நெல்லும் போட்டிருக்கிறேன். ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா உண்டு, சட்டைப் பையில் செல்போனும் உண்டு. கீழே சொல்வதில் முக்கால்வாசி செல்போனுக்கே பொருந்தும். இதுக்காக யாரும் புதுக் கேமரா வாங்க வேண்டாம்.

வெளிச்சம் ஒரு வரவு செலவுக் கணக்கு

படம் என்பது கேமராவுக்குள் போன வெளிச்சம், அவ்வளவுதான். எவ்வளவு வெளிச்சம் போகணும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. லென்ஸில் திறக்கும் துளை, அதாவது அபெர்ச்சர். அந்தத் துளை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்கிற ஷட்டர் வேகம். உள்ளே வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்கிற ஐஎஸ்ஓ. ஒன்றில் குறைத்தால் இன்னொன்றில் ஏற்றணும். வங்கியில் இருந்தவனுக்கு இது சுலபமாகப் புரிந்தது. பற்று வைத்தால் எங்காவது வரவு வைக்கணும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

ஒரு உதாரணம். வாழைத் தோப்புக்குள்ளே நல்ல நிழல். கேமரா எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/30 நொடி என்று காட்டுகிறது. 1/30 நொடிக்குள் காத்தில் இலை ஒரு ஆட்டம் ஆடிவிடும், படம் கலங்கிப் போகும். குறைந்தது 1/250 வேணும். 30, 60, 125, 250 என்று மூன்று படி ஏறினால் ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும். அதை ஈடு கட்ட ஐஎஸ்ஓவை 200, 400, 800 என்று மூன்று படி ஏத்தினால் கணக்கு சரி. ஐஎஸ்ஓ ஏற ஏறப் படத்தில் மணல் தூவினது மாதிரி புள்ளி வரும். வந்தால் வரட்டும். கலங்கின படத்தை விடப் புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல்.

எஃப் எண்ணில்தான் எல்லாருக்கும் குழப்பம். எண் பெரிசானால் துளை சின்னது. எஃப் 4ஐ விட எஃப் 8இல் வெளிச்சம் குறைவாகப் போகும், ஆனால் முன்னாலும் பின்னாலும் அதிக ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும். பூச்சியைக் கிட்டப் போய் எடுக்கும்போது எஃப் 4இல் அதன் கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும் வரும். எஃப் 8 அல்லது 11 வைத்தால் உடம்பில் பெரும்பகுதி தெளிவாகும். பெரும்பாலான செல்போன்களில் துளையை மாற்ற முடியாது, மற்ற இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அங்கே நம்ம கையில் இருப்பது இரண்டு: எங்கே ஃபோகஸ் என்று விரலால் தொட்டுச் சொல்வது, தொட்டபின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது.

எங்க ஊரை முதன்முதலில் முறையாகப் படம் பிடித்தவர்களில் ஒருவர் லின்னேயஸ் டிரைப் என்கிற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர். 1858இல் மலைக்கோட்டையும் ஸ்ரீரங்கமும் அவர் படங்களாக வெளிவந்தன. அன்றைக்குக் காகித நெகட்டிவ். வெளிச்சத்தை மெதுவாகத்தான் வாங்கும், நொடிக்கணக்கில் திறந்து வைக்கணும். அசையாத கோபுரத்துக்கு அது போதும். அசுவினிக்கும் வாழை இலைக்கும் 1/250 கிடைக்கிற காலத்தில் நாம் இருக்கிறோம்.

வெள்ளை கோபுரப் பாடம்

ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் கிழக்குப் பக்கம் வெள்ளை கோபுரத்தை ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கோபுரம் முழுத் திரையையும் அடைக்கிற மாதிரி. பல கேமராக்களில் அது வெள்ளையாக வராது, சாம்பல் பூசினது மாதிரி வரும். காரணம், எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. வெள்ளையைக் கண்டால் "அதிக வெளிச்சம்" என்று குறைக்கும், கறுப்பைக் கண்டால் "போதாது" என்று கூட்டும். அதே நாள் ஒரு எருமையை எடுத்துப் பாருங்கள், வெளுத்துப்போய் நிற்கும்.

இது நமக்கு எங்கே உதவும்? கேமராவில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு பட்டன் இருக்கும். வெள்ளைப் பொருள் நிறைந்த படத்துக்கு +1 பக்கம் நகர்த்துங்கள். நெல்லில் வெண்கதிர், மாவுப்பூச்சி, வெள்ளைத்தாளில் பரப்பின அரிசி எல்லாம் அப்போதுதான் உண்மையான நிறத்தில் வரும். கரிசல் மண், கருப்புக்கவுனி அரிசி என்றால் கழித்தல் பக்கம். செல்போனில் திரையைத் தொட்டவுடன் சின்னதாக ஒரு சூரியன் வரும், அதை மேலே தள்ளினால் கூடும், கீழே இழுத்தால் குறையும். விரலைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

கிட்டப் போறதுக்கும் ஒரு எல்லை

பூச்சி சின்னது என்று போனை அதன் மூக்கு வரைக்கும் கொண்டு போகிறோம். லென்ஸுக்கு ஒரு குறைந்தபட்ச தூரம் உண்டு. அதைத் தாண்டினால் ஃபோகஸே ஆகாது. ஒரு சாண் தள்ளி நின்று தெளிவாக எடுத்து, பிறகு வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் விரித்துப் பெரிசாக்கும் டிஜிட்டல் ஜூமும் பெரும்பாலும் அந்த வெட்டும் வேலையைத்தான் செய்கிறது. கேமராவில் பூப்போட்ட ஒரு குறி இருந்தால் அது மேக்ரோ, அதைப் போட்டுக்கொண்டால் இன்னும் நெருங்கலாம். நகை ஆசாரிகள் வைத்திருக்கிற 10 மடங்கு லென்ஸை செல்போன் லென்ஸோடு ஒட்டிப் பிடித்து எடுத்தால், இலைப்பேனும் சிலந்திப்பேனும் கூடத் தெரியும். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி, மயிர் மாதிரி ஒரு காம்பின் நுனியில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். பூஞ்சாணம் என்று அதைத் துடைத்துப் போடுகிறவர்கள் உண்டு. அந்தப் பூச்சியின் புழு அசுவினியைத் தின்று தீர்க்கும். இந்த லென்ஸில் ஒரு தடவை பார்த்தவர் மறுபடி துடைக்க மாட்டார்.

எடுக்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். வயலில் இருக்கிற போனில் சாணமும் வியர்வையும் ஒட்டாமல் இருக்குமா? பழைய வேட்டித் துணி போதும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முடிந்தால் மரத்தில் சாய்ந்துகொண்டு, மூச்சை நிறுத்தி அழுத்துங்கள்.

உச்சி வெயிலில் வாழை இலை கண்ணாடி மாதிரி பளபளக்கும், நிழல் கறுத்துக் கிடக்கும். காலை எட்டரைக்குள் எடுப்பது நல்லது. மதியம்தான் முடியும் என்றால் குடையை விரித்து நிழல் செய்து, இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துப் பிடியுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே போதும். ஃபிளாஷ் வேண்டாம், இலையில் ஒரு வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும்.

ஒரு படம் போதாது

இதுதான் முக்கியம். வாழையில் அடி இலைகள் விளிம்பிலிருந்து மஞ்சளாகிறது என்று ஒரே ஒரு இலையை எடுத்து அனுப்பினால், பார்ப்பவர் என்ன சொல்ல முடியும்? சாம்பல் சத்துக் குறைந்தாலும் அடி இலை ஓரம் மஞ்சளாகும். பனாமா வாடலிலும் அப்படித்தான் தொடங்கும். முதலாவது உரத்தில் சரியாகிவிடும். இரண்டாவது மண்ணில் பல வருஷம் தங்கும் நோய், பக்கத்து வயலுக்கும் போகும். ரஸ்தாளி போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆகவே நான்கு படம். முதலில் முழு மரம், தள்ளி நின்று. இலைக்காம்பு முறிந்து பாவாடை மாதிரி தண்டைச் சுற்றித் தொங்குகிறதா என்று அதில்தான் தெரியும். இரண்டாவது, மஞ்சளான இலை முழுசாக. மூன்றாவது, தண்டின் அடிப்பகுதி, பட்டை நெடுக்காக வெடித்திருக்கிறதா என்று பார்க்க. நான்காவது, சந்தேகம் வலுத்தால், மரத்தைச் சாய்த்துக் கிழங்கைக் குறுக்கே வெட்டின படம். செம்பழுப்பாகப் புள்ளியும் வளையமும் தெரிந்தால் வாடல் நோய் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். வெட்டின உடனே எடுங்கள். வெட்டுப் பரப்பு காத்துப் பட்டால் தானாகவே கறுக்கும், பார்ப்பவர் ஏமாந்து போவார். வெட்டின கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்துக்குக் கொண்டு போகக் கூடாது.

முடிக்கொத்து நோய்க்கு வேறு மாதிரி. இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். அதை முழு மரமாக எடுங்கள். ஆரம்ப கட்டத்தில் இலையின் அடிப்புறம், நடுநரம்பை ஒட்டி, கரும்பச்சையில் சின்னச் சின்னக் கோடும் புள்ளியும் இருக்கும். மேலிருந்து எடுத்தால் அது தெரியாது. இலைக்குக் கீழே குனிந்து, சூரிய வெளிச்சம் இலை வழியாக ஊடுருவி வரும்படி எடுக்கணும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கணும் என்று கேமரா புத்தகங்கள் சொல்லும், இங்கே மட்டும் எதிரே இருக்கணும். வெளிச்சத்தை ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியே இலைக்காம்பு அடியிலும் தண்டு இடுக்கிலும் பழுப்பு நிற அசுவினி இருந்தால் ஒரு படம். அதுதான் நோயைப் பரப்புகிறது.

எந்தப் படமானாலும் அளவு தெரிய ஒரு பொருளை வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர் அகலம். அதன் பக்கத்தில் கிடக்கும் வண்டு எவ்வளவு பெரிசு என்று பார்ப்பவர் கணக்குப் போட்டுக்கொள்வார். தாயனூரில் இருக்கிற தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கோ, சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ நேரில் போகிறவர்களும் இந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். என்ன ரகம், நட்டு எத்தனை மாசம், எத்தனை மரத்தில் இருக்கு என்று ஒரு சீட்டில் எழுதி அதையும் படத்தில் சேர்த்து எடுத்துவிட்டால், எந்தப் படம் எந்த வயல் என்ற குழப்பம் வராது.

விதை பரிமாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தால் தூயமல்லி கூடச் சிவப்பரிசி மாதிரி வந்துவிடும். திண்ணை நிழலில், பகல் வெளிச்சத்தில், வெள்ளைத்தாள் மேல் வைத்து எடுங்கள். ஒயிட் பேலன்ஸ் மாற்றத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தாள் வெள்ளையாகத் தெரிந்தால் அரிசியின் நிறத்தையும் நம்பலாம்.

தேதி, இடம், பிரதி

வங்கியில் இருந்தபோது பயிர்க்கடன் ஆய்வுக் கோப்புகளில் எத்தனையோ போட்டோ பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே பச்சை. எந்த சர்வே எண், எந்த போகம் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெள்ளச் சேதப் படங்களும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போய் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்தது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் தண்ணியை மட்டும் எடுத்தால் அது யார் வயல் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் கொட்டகை, வரப்புக் கல், பனைமரம் என்று அசையாத ஒன்று படத்தில் வரணும். அதே இடத்தில் நின்று தண்ணி வடிந்தபின் இன்னொன்று எடுக்கணும். அடங்கலுக்குப் பதிலாக இந்தப் படம் நிற்காது, ஆனால் பக்கத்தில் வைத்தால் பேசும்.

படத்துக்குள்ளேயே தேதியும் நேரமும் பதிவாகும். இடப்பதிவு போட்டிருந்தால் இடமும் பதிவாகும். கேமராவில் பேட்டரி வெகு நாள் இல்லாமல் கிடந்தால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும், ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும், தேதியும் இடமும் கழன்றுவிடும். கோப்பை இணைக்கும் இடத்தில் "டாக்குமென்ட்" என்பதைத் தேர்ந்து அனுப்பினால் எடுத்தபடியே போகும். நிபுணருக்கு அனுப்பும்போது அப்படி அனுப்புங்கள். முன்பின் தெரியாதவர்கள் இருக்கிற குழுவுக்குச் சாதாரணமாகவே அனுப்பலாம், உங்க தோப்பு எங்கே இருக்கு என்று ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

மாசத்துக்கு ஒருநாள் எல்லாப் படத்தையும் கணினியிலோ பென் டிரைவிலோ ஏற்றி, வயல் பெயர், பயிர், மாசம் என்று கோப்புறை போட்டு வைக்கிறேன். எப்போதும் இரண்டு பிரதி, ஒன்று ஸ்ரீரங்கம் வீட்டில், ஒன்று மகள் வீட்டில். போன கார்த்திகையில் பூவனில் இலைப்புள்ளி எந்த வாரம் தொடங்கியது என்று பக்கத்துத் தோப்புத் தம்பி வந்து கேட்டால், "இருப்பா, பாத்து சொல்றேன்" என்று கணினியைத் திறப்பதோடு சரி.