உஷார்! பெஞ்சுக்கு மேலே ஒரு வைஃபை பெட்டி

மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற தாய்மார்களே, தகப்பன்மார்களே, ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

ஊருக்குள் செல்போன் டவர் நட வந்தால் கூடி நின்று மனுக் கொடுக்கிறோம். நம் பிள்ளை உட்காரும் பெஞ்சுக்கு மேலே, கையெட்டும் உயரத்தில் வைஃபை பெட்டி மாட்டியிருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பதில்லை. ஸ்மார்ட் வகுப்பறை, ஹைடெக் லேப் எல்லாம் அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால் பாடம் முடிந்த பிறகும் அந்தப் பெட்டி அலையை விட்டுக்கொண்டே இருக்குமே, அதை அணைப்பது யார் பொறுப்பு?

2011 மே மாதம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளின் மின்காந்தப் புலத்தை '2பி' பட்டியலில் சேர்த்தது. சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, உறுதியாகவில்லை என்று அதற்குப் பொருள். வைஃபையால் ஒரு பிள்ளைக்கு நோய் வந்ததாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2024-ல் அதே உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்த ஆய்வுத் தொகுப்பும், கைப்பேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை என்றே சொன்னது. ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் பீதியையெல்லாம் நம்பிவிடாதீர்கள்.

இருந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. போனைக் காதில் ஒட்டிப் பேசும்போது, பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் மூளையில் சராசரியாக 2 மடங்கு சக்தி இறங்குகிறது, மண்டையோட்டு எலும்பின் மஜ்ஜையில் 10 மடங்கு வரைகூட இறங்கலாம் என்று சொன்னதும் அதே புற்றுநோய் முகமைதான். நாம் வளர்ந்து ஆளான பிறகு கையில் எடுத்ததை, இவர்கள் பால்குடி மறக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள். 2020-ல் கொரோனாவுக்குப் பள்ளியைப் பூட்டியபோது படிக்கக் கொடுத்த போன், இன்னும் பல வீடுகளில் திரும்ப வாங்கப்படவே இல்லை.

பிரான்ஸ் 2015-லேயே சட்டம் போட்டது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் காப்பக அறைகளில் வைஃபை கூடாது. தொடக்கப் பள்ளிகளில் பாடத்துக்குத் தேவைப்படாத நேரத்தில் அணைத்துவிட வேண்டும். நம் நாடும் சும்மா இருக்கவில்லை. 2012 செப்டம்பர் 1 முதல் டவர் அலைகளின் உச்சவரம்பை உலக வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. அதே ஆண்டு நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பள்ளி வளாகங்களிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னது.

டவரையே குறைசொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு பிசகும் உண்டு. சிக்னல் பலவீனமான இடத்தில்தான் போன் தன் சக்தியையெல்லாம் கூட்டி அலை அனுப்பும். அந்த நேரத்தில் அது பிள்ளையின் காதில் இருந்தால் வீரியம் முழுக்கத் தலைக்குத்தான். வகுப்பறை வைஃபையைவிட இதுதான் பல மடங்கு அதிகம். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் சிக்னல் இல்லாமல் நாம் பட்ட பாடு மறக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் உள்ள ஊருக்கு டவர் வேண்டும். வளைகுடாவிலிருந்து அத்தா கூப்பிட்டால் பிள்ளை பேசட்டும். ஸ்பீக்கரில் போட்டு, போனைத் தள்ளி வைத்துப் பேசட்டும். ஒற்றைக் கோடு சிக்னலோடு வீட்டு மூலையில் நின்று காதில் ஒட்டிப் பேசவிடாதீர்கள். தலையணைக்கடியில் போனை வைத்துத் தூங்கவிடவே விடாதீர்கள்.

தள்ளி வைப்பதுதான் பெரிய பாதுகாப்பு. 2 அடியில் இருக்கும் பெட்டியை 4 அடிக்கு நகர்த்தினால் அலையின் வீரியம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும். ஆசிரியர் மேசைப் பக்கம், உயரத்தில் மாட்டினால் போதும். லேப் கம்ப்யூட்டர்களுக்குக் கேபிள் இழுத்துவிட்டால் அங்கே வைஃபையே தேவைப்படாது. பள்ளிக்குப் பக்கத்து டவர் மீது சந்தேகம் இருந்தால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் கட்டணம் கட்டி அலை அளவைச் சோதிக்கச் சொல்லலாம். உங்கள் போனிலேயே *#07# அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் சார் (SAR) அளவு, அதாவது உடல் உறிஞ்சும் அலைச் சக்தியின் அளவு தெரியும். இந்தியாவில் அது கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக்கூடாது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். வைஃபை பெட்டி எந்தச் சுவரில், எந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே இருக்கிறது, பாடம் முடிந்ததும் யார் அணைக்கிறார்கள் என்று எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.