விசாரம் தீர விசாரியுங்கள்!

"மனசு பூரா ஒரே விசாரமா இருக்குங்க. சோறு இறங்கலே, தூக்கம் வரலே" - பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெரியவர்கள் வைத்தியரிடம் இப்படித்தான் சொல்வார்கள். 'மனச்சோர்வு' என்பது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பத்திரிகையிலும் இருக்கும் சொல். அவர்கள் வாயில் வருவது 'விசாரம்'.

இந்தச் சொல் எப்படி வந்தது தெரியுமா?

வடமொழியில் 'சர்' என்ற வேருக்கு நடத்தல், திரிதல் என்று பொருள். சஞ்சாரம், பிரசாரம் எல்லாம் அதில் பிறந்தவைதான். விசாரம் என்றால் முதலில் ஆராய்ச்சி. ரமண மகரிஷியின் 'ஆன்ம விசாரம்' இந்தப் பொருளில் வந்ததே. கோர்ட்டு விசாரணையும் அப்படித்தான். தமிழில் அதற்கே கவலை, துயரம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பொருத்தம்தான்! யோசனை ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது. வராமல் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றினால், அதுவே கவலை. இப்படி ஒன்றையே அசைபோடுவது மனச்சோர்வை வளர்க்கும் என்று இன்றைய மனநல மருத்துவமும் சொல்கிறது.

மருந்தும் அதே சொல்லில்!

சாவு வீட்டுக்குப் போவதை 'துக்கம் விசாரிக்கப் போறோம்' என்கிறோம். தனக்குள்ளேயே சுற்றினால் விசாரம். அடுத்தவர் வந்து கேட்டால் விசாரிப்பு. அது பாதி பாரத்தை இறக்கும்.

ஆகவே வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசி தூக்கம் கெட்டு, சோர்ந்து கிடந்தால் "சோம்பேறி" என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விசாரியுங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 'ஆமாம்' என்றால் தனியே விடாதீர்கள். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் வாங்கிய பூச்சிமருந்தை உடனே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

ரத்தசோகை, தைராய்டு குறைவு இவற்றாலும் சோர்வு வரும், பரிசோதியுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவர் தரும் மாத்திரையை, சித்த மருந்து சாப்பிடுகிறோம் என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. 2022-ல் தொடங்கிய 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சித்த வைத்தியனாக நானும் இதையே சொல்வேன்: கஷாயம் காய்ச்சுவதற்கு முன்னால், ஒரு வார்த்தை விசாரியுங்கள்.