மேல்மாடி அறை இரவிலும் ஏன் கொதிக்கிறது?

டெல்லி முனிர்க்கா, லக்ஷ்மி நகர் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு மொட்டை மாடியில் உள்ள 'பர்சாத்தி' அறை பெரும்பாலும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். காரணம் மே மாதத்தில் புரியும். 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அந்த வெயிலை நாள் முழுக்க வாங்குவது தலைக்கு மேலிருக்கும் கான்கிரீட் தளம்.

கான்கிரீட் வழியே வெப்பம் மெல்லத்தான் இறங்கும். நண்பகலில் மேற்புறம் ஏறிய சூடு அடிப்புறத்துக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும். வெளிக்காற்று தணியத் தொடங்கும் மாலையில்தான் உட்கூரை உச்சச் சூட்டை எட்டும். பிறகு இரவெல்லாம் அகச்சிவப்புக் கதிர்களாக, கட்டிலில் படுத்திருப்பவர் மேல் அதை இறக்கும். மின்விசிறியும் கூரையடிச் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளுகிறது.

கோடையில் வீடு பார்க்கக் காலையில் போகாதீர்கள். இரவு எட்டு மணிக்குப் போய், ஸ்டூலில் ஏறி உட்கூரையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால், அட்வான்ஸ் கொடுக்குமுன்பே மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துத் தரச் சொல்லுங்கள். புதிய வெண்பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் டெல்லித் தூசி படிந்தால் வெண்மை மங்கும். அவ்வப்போது கழுவிவிட வேண்டும்.