இத்தாலியச் 'சிவப்பி'

மொரெத்தி பீர்ப் புட்டியின் மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். தலையில் தொப்பி, முகத்தில் பாதியை மறைக்கும் மீசை, கையில் நுரை பொங்கும் குவளை. 1942-இல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், உதினே நகரை அடுத்த திரிசேசிமோ என்ற ஊரில், மொரெத்தி குடும்பத்தார் ஒருவர் இவரைச் சாப்பாட்டு விடுதியில் கண்டு, படம் பிடித்துக் கொள்ளலாமா என்று கேட்டாராம். பதிலுக்கு என்ன வேண்டும் என்றதற்கு, குடிக்க ஏதாவது கொடுத்தால் போதும் என்றாராம் மனிதர். கம்பெனியார் சொல்லும் கதை இது. நாலணாக் கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்கும் நம் வாசகிகள் அருகில் இருந்திருந்தால், அவரை இவ்வளவு மலிவாகப் போக விட்டிருக்க மாட்டார்கள்!

லூயிஜி மொரெத்தி என்பவர் 1859-இல் உதினேயில் தொடங்கிய தொழிற்சாலை அது. பீரோடு ஐஸும் செய்தார்கள். திராட்சை மது நாட்டில் பீருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அப்போது உதினே ஆஸ்திரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1866-இல்தான் இத்தாலியோடு சேர்ந்தது. 1996-இல் கம்பெனியை ஹாலந்து நாட்டு ஹைனகென் வாங்கிவிட்டது.

இந்தக் குடும்பத்தில் கறுத்த பெண் ஒருத்தி உண்டு. 'லா ரோஸ்ஸா' என்று பெயர். நம் பாஷையில் 'சிவப்பி'. உண்மையில் நிறம் சிவப்பல்ல, பதம் முற்றிய வெல்லப் பாகு. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தட்டுகிறது. நுரையும் தூய வெள்ளை அல்ல, இளம் பழுப்பு. முகர்ந்தால், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டியின் மேலோடு, கருகிய சர்க்கரை, பின்னால் கொஞ்சம் உலர்ந்த திராட்சை. முதல் வாயில் இனிப்பு நாக்கு முழுவதும் பரவுகிறது. கசப்பைத் தேட வேண்டியிருக்கிறது. விழுங்கிய பிறகு, இரண்டு வெந்தயம் கடித்தாற்போல் தொண்டையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. வாசனை காட்டிய ஆசையை நடு ருசி முழுக்க நிறைவேற்றவில்லை என்பது என் அபிப்பிராயம்; சற்றே நீர்த்துப் போகிறது. ஐஸ் போலக் குளிர்ந்திருந்தால் அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. பத்து நிமிஷம் ஆறப் போட்டால் திராட்சையும் வெல்லமும் மெல்ல வெளியே வருகின்றன.

இந்த ருசிக்குக் காரணம் மால்ட். கேழ்வரகை முளை கட்டி, உலர்த்தி, வறுத்துக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிய தாய்மார்களுக்கு இதைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே தானியம் பார்லி. முளை விடும்போது மாவுச் சத்து சர்க்கரையாக மாற வழி பிறக்கிறது. சூடு ஏற ஏற நிறமும் மணமும் கூடுகின்றன. 'டாப்பல்பாக்' என்னும் இந்த ஜாதி பீருக்குத் தானியத்தைத் தாராளமாகப் போடுகிறார்கள். அதனால் சர்க்கரை முழுவதும் சாராயச் சத்தாக மாறுவதில்லை. மிச்சம் நிற்பதுதான் அந்த இனிப்பு.

இவ்வளவு கெட்டியாகக் காய்ச்ச யாருக்குத் தோன்றியது? சந்நியாசிகளுக்கு! தெற்கு இத்தாலியில் பாவோலா என்ற ஊரில் பிறந்த பிரான்சிஸ் என்ற மகான், 15-ஆம் நூற்றாண்டில் ஒரு துறவற சபையை நிறுவினார். மாமிசம், முட்டை, பால், வெண்ணெய் எதையும் வருஷம் முழுவதும் தொடக்கூடாது என்பது அவர்களுடைய விரதம். 1627-இல் அந்தச் சபையார் ஜெர்மனியில் மியூனிக் நகரில் குடியேறினார்கள். சில வருஷங்களில் பீரும் காய்ச்சத் தொடங்கினார்கள். பானம் நோன்பை முறிக்காது என்பது சம்பிரதாயம். ஆகவே உண்ணாத நாட்களில் வயிற்றுக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று, ரொட்டியையே கரைத்தாற்போல் காய்ச்சினார்கள். அந்தப் பீருக்கு 'சால்வடார்' என்று பெயர். 'இரட்சகர்' என்று பொருள். மற்றவர்களும் அதே பெயரை ஒட்டிக் கொண்டு விற்கவே, 1896-இல் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கினார்கள். உடனே மற்றவர்கள் 'ஆடார்' என்று முடியும் வேறு பெயர்களைக் கண்டுபிடித்துக் கொண்டார்கள். ஆக, சிவப்பி பிறந்த ஜாதிக்கு ஜெர்மனி தாய் வீடு என்றால், இத்தாலி பாட்டி வீடு.

2011-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர், தவக்காலத்தின் 46 நாட்களையும் டாப்பல்பாக்கையும் தண்ணீரையும் கொண்டே கழித்தார். வைத்தியரின் கண்காணிப்பில்தான். பதினோரு கிலோவுக்கு மேல் இளைத்தாராம். இளைக்க ஆசைப்படும் யாரும் இந்த வழிக்குப் போக வேண்டாம்.

ஏனென்றால் இனிப்பு இதில் ஒரு முகமூடி. சாதாரண மொரெத்தியில் சாராயச் சத்து 4.6 சதவீதம், சிவப்பியில் 7.2. ஒரு புட்டி இதுவென்றால், ஒன்றரைப் புட்டிக்கு மேல் அது. கசப்பு இருந்தாலாவது நாக்கு எச்சரிக்கும். "தித்திப்பாகத்தானே இருக்கிறது, பெண்கள் குடிக்கலாம்" என்று விருந்தில் வற்புறுத்துகிறவரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிவிட்டுக் குவளையை நகர்த்தி வைக்கலாம். குடியால் குடும்பங்கள் படும் பாட்டை நம் வீதிகளில் தினமும் பார்க்கிறோம். அங்கெல்லாம் ஒன்றரை என்பது சின்னக் கணக்கல்ல.

உதினேக்காரர்கள் வெறும் வயிற்றில் இதைத் தொடச் சொல்வதில்லை. உருளைக்கிழங்கையும் மொந்தாசியோ என்ற பாலாடைக்கட்டியையும் துருவி, வாணலியில் அடை போல் தட்டி, இரு பக்கமும் முறுக விடுகிறார்கள். 'ஃபிரிக்கோ' என்று பெயர். சூடாக ஒரு துண்டு, மேலே ஒரு மடக்கு. உப்பும் வெல்லமும் கலந்தாற்போல் இருக்கிறது. இரண்டில் எது நன்றாயிருந்தது என்று கேட்டால், ஃபிரிக்கோ என்றுதான் சொல்வேன்.