பழைய குளிர்சாதன வண்டி: கேஸ் நிரப்பும் முன் கசிவைக் கண்டுபிடியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் காய்கறி பயிரிடும் உழவர் குழு ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் பழைய குளிர்சாதன வண்டி ஒன்றை வாங்கியது. கேரட், பீன்ஸ், புரொக்கோலியை மாலையில் ஏற்றி, விடிவதற்குள் சென்னையில் இறக்குவது அவர்கள் திட்டம். முதல் ஆண்டு பிரச்சினை இல்லை. இரண்டாம் ஆண்டில் குளிர்ச்சி குறைந்தது. பட்டறையில் கேஸ் நிரப்பினார்கள். ஒன்றரை மாதம் தாங்கியது. மறுபடி நிரப்பியது மூன்றே வாரம் நின்றது. மூன்றாம் முறை போனபோது, "கம்ப்ரசர் போச்சு, புதுசு போடணும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் ஏற்றிய புரொக்கோலி மஞ்சளாகி, பாதி விலைக்குக்கூடப் போகவில்லை. வண்டியை விற்றுவிடலாமா என்று குழுத் தலைவர் என்னிடம் கேட்டார்.

வேளாண் பொறியியல் படித்த நண்பர் ஒருவருடன் போய் வண்டியைப் பார்த்தேன். கம்ப்ரசர் நன்றாகவே இருந்தது. ரப்பர் ஹோஸ் ஒன்று அடிச்சட்டத்தில் உரசி உரசித் தேய்ந்து, அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கசிவு அங்கேதான். பின்கதவின் ரப்பரும் கிழிந்திருந்தது. மூன்று முறை கேஸுக்குப் பணம் கொடுத்தவர்கள், ஒருமுறைகூடக் கசிவைத் தேடச் சொல்லவில்லை.

குளிரூட்டும் கேஸ் டீசலைப் போலச் செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

எப்படி வேலை செய்கிறது?

சிறிய குளிர்சாதன வண்டிகள் பலவற்றில், என்ஜினிலிருந்து வரும் பெல்ட்தான் கம்ப்ரசரை ஓட்டுகிறது. கம்ப்ரசர் கேஸை அழுத்திச் சூடாக்கி, பெட்டியின் வெளியே உள்ள கண்டன்சருக்கு அனுப்பும். அங்கே வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டு, கேஸ் திரவமாகும். அந்தத் திரவம் டிரையர் வழியாக வந்து, எக்ஸ்பான்ஷன் வால்வில் அழுத்தம் குறைந்து, பெட்டிக்குள் உள்ள கூலிங் காயிலில் கொதித்து ஆவியாகும். அப்போது பெட்டியின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆர்-404ஏ மைனஸ் 46 டிகிரியில் கொதிக்கும். உங்கள் வண்டியில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது எந்திரத்தின் மேல் ஒட்டிய தகட்டில் இருக்கும். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழுது எந்திரத்திலா, பெட்டியிலா?

பட்டறைக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. காலிப் பெட்டியின் நடுவில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, கதவை மூடி, என்ஜினை ஓட்டுங்கள். வெப்பநிலை இறங்கவே இல்லை என்றால் பழுது பெரும்பாலும் எந்திரத்தில். நன்றாக இறங்கி, என்ஜினை நிறுத்தியதும் விறுவிறுவென ஏறினால் பழுது பெட்டியில்.

பெட்டிக்கு வெளிச்சச் சோதனை போதும். பகலில் ஒருவர் உள்ளே நிற்க, கதவை மூடுங்கள். எங்கே வெளிச்சம் தெரிகிறதோ அங்கே குளிர் வெளியேறுகிறது. வெளியே ஓர் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். தரையிலும் மூலைகளிலும் விரிசல் இருந்தால், கழுவும் தண்ணீர் சுவருக்குள் உள்ள பஃப் நுரையில் இறங்கும். நனைந்த நுரை வெப்பத்தைத் தடுக்காது. கதவு ரப்பர் மாற்றுவதும் விரிசலை அடைப்பதும் சிறு செலவுதான்.

எந்திரத்தில் நீங்கள் பார்க்க வேண்டியவை

என்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கண்டன்சரில் தூசி, பூச்சி, வைக்கோல் அடைத்திருந்தால் கேஸின் வெப்பம் வெளியேறாது. அழுத்தம் குறைந்த தண்ணீரை உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக அடித்துக் கழுவுங்கள். மெல்லிய தகடுகள் வளையக் கூடாது. கண்டன்சர் ஃபேன் சுற்றினால் மட்டும் போதாது, சரியான திசையில் சுற்ற வேண்டும். ஒயர் மாற்றி இணைத்தால் சில ஃபேன்கள் எதிர்த்திசையில் சுற்றும். ஒரு தாளைக் காட்டினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

கூலிங் காயிலில் பனிக்கட்டி மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது. பனியைக் கரைத்து, தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு உள்ளதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் உணரியை, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்தால் 0 டிகிரிக்கு அருகில் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் குளிர்ச்சி குறைவது மட்டுமல்ல, கூடிப்போகவும் செய்யும். வாழை 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் கறுக்கும். பீன்ஸ் 5 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் புள்ளி விழும். புரொக்கோலிக்கும் கேரட்டுக்கும்தான் 0 டிகிரி ஏற்றது.

குழாய் இணைப்புகள், ஹோஸ், கம்ப்ரசரின் முன்பக்கம் ஆகிய இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? கேஸுடன் எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுக்கு படியும். சோப்பு நுரை தடவினால் பெரிய கசிவில் குமிழி வரும்.

பட்டறையில் என்ன செய்யச் சொல்ல வேண்டும்?

இனி வருவதைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்தான் செய்ய வேண்டும். ஆனால் எது சரியான முறை என்று தெரிந்து, நீங்கள் அருகில் நின்று கேட்க வேண்டும்.

1. இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் தனி சிலிண்டரில் பிடிக்க வேண்டும். ஒரு கிலோ ஆர்-404ஏ ஏறத்தாழ 3,900 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும்.

2. கசிவுச் சோதனைக்கு உலர்ந்த நைட்ரஜனையே ரெகுலேட்டர் வைத்துச் செலுத்த வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் எண்ணெயுடன் அழுத்தத்தில் ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

3. தேய்ந்த ஹோஸ், ஓ-ரிங் ஆகியவற்றை மாற்ற வேண்டும். குழாயைத் திறந்துவிட்டால் டிரையரையும் மாற்ற வேண்டும். அது ஈரத்தை உறிஞ்சும் பொருள். காற்றுப் பட்டதும் நிறைந்துவிடும். எனவே அதன் மூடியைக் கடைசியில்தான் கழற்ற வேண்டும்.

4. எண்ணெய் கேஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பழைய ஆர்-12 கேஸுக்குப் பயன்பட்ட மினரல் ஆயில் ஆர்-134ஏ, ஆர்-404ஏ கேஸ்களுடன் கலக்காது. கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் எங்கோ தங்கிவிடும்.

5. பம்பு வைத்து வேக்கம் எடுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் குழாயில் உள்ள ஈரம் அறை வெப்பத்திலேயே கொதித்து வெளியேறும். ஐந்து நிமிடத்தில் இது முடியாது. அரை மணி முதல் முக்கால் மணி நேரமாவது வேண்டும். பிறகு வால்வை மூடி அரை மணி பார்க்க வேண்டும். முள் ஏறினால் இன்னும் கசிவோ ஈரமோ இருக்கிறது. ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து அடைக்கும்; அமிலமாகிக் கம்ப்ரசரையும் அரிக்கும்.

6. கேஸைத் தராசில் நிறுத்து, தகட்டில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். ஆர்-404ஏ மூன்று கேஸ்களின் கலவை. சிலிண்டரிலிருந்து திரவமாக எடுத்தால்தான் கலவை விகிதம் மாறாது.

"கேஜ் பார்த்தே நிரப்பிடலாம்" என்பார்கள். எந்திரம் ஓடாமல் நிற்கும்போது, 30 டிகிரி வெயிலில் ஆர்-134ஏ ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் திரவம் இருந்தாலும் அதே 97. ஒரு கிலோ இருந்தாலும் அதே 97. எனவே நிற்கும் வண்டியில் கேஜைப் பார்த்துக் கேஸின் அளவைச் சொல்ல முடியாது. ஓடும்போது கேஜ் காட்டுவது நோய் அறிய உதவும். இரு பக்கமும் அழுத்தம் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரு பக்கமும் அதிகம் என்றால் கண்டன்சர் அடைப்பு, ஃபேன் பழுது அல்லது மிகையான கேஸ். உறிஞ்சும் பக்கம் அதிகமாகவும் தள்ளும் பக்கம் குறைவாகவும் இருந்தால்தான் கம்ப்ரசர் தேய்மானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு குறுக்கு வழிகளுக்குச் சம்மதிக்காதீர்கள். கேஸ் குறைந்தால் கம்ப்ரசரை நிறுத்தும் அழுத்த சுவிட்சை, ஒயர் போட்டு இணைத்துவிடுவது ஒன்று. எண்ணெய் கேஸோடுதான் திரும்பி வருகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் எண்ணெயும் இல்லாமல் கம்ப்ரசர் இறுகிவிடும். மற்றொன்று, சமையல் எரிவாயு போன்ற மலிவான கேஸை நிரப்புவது. எரியாத கேஸுக்காகச் செய்த எந்திரத்தில் அது தீ விபத்துக்கு வழி.

சரக்கின் சூட்டையும் கணக்கில் கொள்ளுங்கள்

எந்திரமும் பெட்டியும் சரியாக இருந்தும் காய்கறி சூடாக வருகிறதா? ஏற்றும்போதே சூடாக இருந்திருக்கும். 1 டன் காய்கறியை 28 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தை எடுக்க வேண்டும். 2 கிலோவாட் குளிர்த்திறன் உள்ள எந்திரத்துக்கு இது மட்டுமே 11 மணி நேர வேலை. அதற்குள் சென்னை வந்துவிடும். வண்டி ஏற்கெனவே குளிர்ந்த சரக்கைக் குளிராக வைத்திருக்கத்தான்; வயல் சூட்டைத் தணிக்க அல்ல. விடியற்காலையில் அறுவடை செய்து, நிழலிலோ குளிர் அறையிலோ சூட்டைத் தணித்து, பெட்டியையும் முன்னதாகவே குளிர்வித்து ஏற்றுங்கள். சுவருக்கும் கூடைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். வழியில் என்ஜினை அணைத்தால் குளிர்ச்சியும் நிற்கும் என்பதை ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.

பருவம் இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் எந்திரத்தை ஓட்டுங்கள். ஓடாமல் நின்றால் கம்ப்ரசரின் தண்டைச் சுற்றியுள்ள சீல் எண்ணெய்ப் பசை இல்லாமல் காய்ந்து கசியும். ஒவ்வொரு முறையும் எத்தனை கிராம் கேஸ் நிரப்பினார்கள் என்று தேதியுடன் ஒரு நோட்டில் எழுதுங்கள். கசிவு இருக்கிறதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

கோத்தகிரி குழு ஹோஸ், ஓ-ரிங், டிரையர், கதவு ரப்பர் ஆகியவற்றை மாற்றியது. ஹோஸ் உரசிய இடத்தில் ரப்பர் உறை போட்டுக் கிளிப்பால் இறுக்கினார்கள். கம்ப்ரசர் பழையதுதான். அடுத்த பருவம் முழுவதும் அந்த வண்டிக்கு யாரும் கேஸ் நிரப்பவில்லை.